முப்பத்து நான்கு கையெழுத்துகள்

நல்லூர், திருப்பூர்
6.4.2003

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை முத்துப்பேச்சி எழுதிக்கொண்டது. இங்கே நானும் வீட்டுக்காரரும் முனீஸும் நல்ல சுகம். அங்கே நீங்களும் மதினியும் அப்பாவும் சுகமாக இருக்கிறீர்களா? அப்பாவுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா? வெயிலில் வெளியே போக விடாதீர்கள்.

நான் போன் பேசும் மளிகைக் கடையை மூடிவிட்டார்கள். ஒரு ரூபாய் போனில் பேசலாம் என்றால் பின்னால் பத்துப் பேர் நின்றுகொண்டு முதுகைப் பார்க்கிறார்கள். அதனால்தான் கடிதம்.

முனீஸ் இரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். போன வாரம் அவள் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "எழுத்தெல்லாம் தெரியுதுங்க, கூட்டி வாசிக்கத்தான் வரமாட்டேங்குது. லீவுல தெனம் ஒரு கதைப் புத்தகம் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இதுல கையெழுத்துப் போடுங்க" என்று ஒரு நோட்டைக் கொடுத்தார். தேதி, புத்தகத்தின் பெயர், அம்மா கையெழுத்து என்று கோடு போட்ட நோட்டு.

நானும் இங்கே திருப்பூர் ராயபுரத்தில் ஒரு புத்தகக் கடைக்குப் போனேன். "எத்தனை வயசுப் புள்ளைக்குங்க?" என்றார் கடைக்காரர். ஏழு எட்டு என்று சொல்ல வந்தவள், ஒன்பது பத்துக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். துணி எடுக்கும்போது எப்போதும் ஒரு சைஸ் பெரிதாகத்தானே எடுக்கிறோம், அடுத்த வருஷத்துக்கும் ஆகும் அல்லவா? முனீஸ் திறந்து பார்த்துவிட்டு, "இது பெரிய அக்காமாரு புக்கும்மா" என்று மூடி வைத்துவிட்டாள்.

நீங்கள் வாத்தியார். உங்களுக்குத்தான் தெரியும். அவளுக்குப் பொருத்தமாகப் பத்துப் புத்தகம் பார்த்து அனுப்புங்கள். நம் வீட்டில் எனக்குத்தான் படிப்பு ஏறவில்லை. என் மண்டை அவளுக்கும் வந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

இப்படிக்கு உங்கள் அன்புத் தங்கை,
முத்துப்பேச்சி


வெள்ளாங்கரை, கோவில்பட்டி வழி
14.4.2003

அன்புத் தங்கை பேச்சிக்கு அண்ணன் ராஜபாண்டியின் ஆசிகள். இங்கு எல்லோரும் நலம். அப்பாவுக்கு மூச்சிரைப்பு பரவாயில்லை. உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாவது தடவையும் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

புத்தகத்தைச் சைஸ் பார்த்து வாங்கியவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். உன் மதினி சிரித்துச் சிரித்து அடுப்பில் பாலைப் பொங்கவிட்டாள். இனி புத்தகம் எடுக்கிற வேலையை என்னிடம் விட்டுவிடு.

இந்தக் கடிதத்தோடு பத்துப் புத்தகம் பார்சலில் வருகிறது. நல்லொழுக்கக் கதைகள், ராஜா கதைகள், நாட்டுக்கு உழைத்தவர்கள் வரலாறு என்று பார்த்துப் பார்த்து எடுத்தேன். வெறும் பொம்மைப் புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது. அவள் வாசிக்கும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்துக்கொள். எழுத்தை விழுங்குகிறாளா, வரியைத் தாண்டுகிறாளா என்று பார். தப்பாக வாசித்தால் உடனே சொல்லிவிடாதே. கொஞ்சம் பொறு, அவளே திருத்திக்கொள்வாள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். உன் கையெழுத்தைப் பார்த்து அசந்துவிட்டேன். எவ்வளவு அழகாக உருட்டி எழுதியிருக்கிறாய்! இரண்டாம் வகுப்போடு நின்றவள், கம்பெனிக்குப் போன இடத்தில் தானாகவே எழுதப் படிக்கத் தேறிவிட்டாய். உனக்குத் தெரியாது பேச்சி, இது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று.

மாப்பிள்ளை சுடலைக்கு என் விசாரிப்பு. முனீஸுக்கு முத்தங்கள்.

அன்புடன்,
ராஜபாண்டி


நல்லூர்
27.4.2003

அன்புள்ள அண்ணனுக்கு, நாங்கள் நலம். உங்கள் நலமும் மதினி நலமும் அப்பா நலமும் அறிய ஆவல்.

பார்சல் கிடைத்தது. மதினி பொட்டலத்துக்குள் வைத்த கருப்பட்டியும் கிடைத்தது. கருப்பட்டி தீர்ந்துவிட்டது. புத்தகம் அப்படியே இருக்கிறது.

கோபித்துக்கொள்ள வேண்டாம் அண்ணா. எழுத்து ரொம்பப் பொடி. ஒரு பக்கம் முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. முனீஸ் முதல் நாள் இரண்டு வரி திக்கினாள், அப்புறம் அழுதுவிட்டாள். பெரிய எழுத்தாக, ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி வருகிற மாதிரிப் புத்தகம் உண்டா? வரியில் என்ன இருக்கிறதோ அதையே படமும் சொல்ல வேண்டும். யானை என்று எழுதியிருந்தால் பக்கத்திலேயே யானை நிற்க வேண்டும். அப்போதுதான் எந்த எழுத்து யானை என்று பிடிபடும்.

இன்னொரு சந்தேகம். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடியாமல், வேலை செய்துகொண்டே கேட்டால், பிள்ளை சரியாகத்தான் வாசிக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கம்பெனியிலிருந்து பனியன் கட்டு வீட்டுக்கும் வருகிறது. பிசிர் வெட்டிக் கொடுக்க வேண்டும்.

கையெழுத்துப் பற்றி எழுதியிருந்தீர்கள். எல்லாம் பழக்கம்தான்.

அன்புத் தங்கை,
முத்துப்பேச்சி


வெள்ளாங்கரை
5.5.2003

அன்புத் தங்கைக்கு ஆசிகள். இங்கு நலம். அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார்.

நீ கேட்கிற மாதிரிப் புத்தகம் ஒன்றாம் வகுப்புக்கு உரியது பேச்சி. மூன்றாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு ஒற்றை வரிப் புத்தகத்தைக் கொடுத்தால் அவள் எப்போது மேலே ஏறுவாள்? பத்து வருஷமாக இந்த வயதுப் பிள்ளைகளைத்தான் மேய்க்கிறேன். அழுதால் அழட்டும். நீ செல்லம் கொடுத்துக் கெடுக்காதே. படிப்பு விஷயத்தில் உனக்கு என்றைக்குமே பொறுமை போதாது.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவளுக்கே ஏறல, அவ புள்ளைக்கு எங்கிட்டு ஏறப்போவுது" என்று சொல்லிச் சிரித்தார். நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

கேட்டுவிட்டாயே என்று பெரிய எழுத்துப் புத்தகம் நான்கு அனுப்புகிறேன். யானை ஆற்றைக் கடக்கிற கதை ஒன்று, கோழிக் கதை ஒன்று, மழைக் கதை ஒன்று, பூசணிக்காய்க் கதை ஒன்று. சீக்கிரம் இதை முடித்துவிட்டுப் பழைய பத்துக்கு வரச் சொல். முடியாவிட்டால் முனீஸை இங்கே கொண்டுவந்து விடு. ஒரு மாதத்தில் நான் வாசிக்க வைத்துக் காட்டுகிறேன்.

வேலை செய்துகொண்டே கேட்பது கேட்பதே அல்ல. எழுத்தின் மேல் கண் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த நீயே இப்படிக் கேட்கலாமா?

அன்புடன்,
ராஜபாண்டி


நல்லூர்
18.5.2003

அன்புள்ள அண்ணனுக்கு, நாங்கள் நலம். அங்கே எல்லோரும் நலமா? வெயில் இங்கே கொளுத்துகிறது. தகர ஓட்டுக்குக் கீழே இருக்க முடியவில்லை.

சந்தோஷமான சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். முனீஸ் வாசிக்கிறாள் அண்ணா! நான் கம்பெனி விட்டு வந்ததும் ஓடி வந்து உட்கார்ந்துகொள்கிறாள். நான் பிசிர் வெட்டிக்கொண்டே கேட்கிறேன். ஒரு திக்கல் கிடையாது, ஒரு விக்கல் கிடையாது. இதுவரை இருபத்தொரு கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் அனுப்பிய பொடி எழுத்துப் புத்தகங்களையும் வாசித்துவிட்டாள்.

யானைக் கதைதான் எல்லாவற்றிலும் அருமை. ஒரு யானை பனியன் வாங்கத் திருப்பூருக்கு வருகிறதாம். காதர்பேட்டையில் கடை கடையாக ஏறுகிறது. தொண்ணூறு, தொண்ணூற்றைந்து, நூறு என்று கடைக்காரர் சைஸ் எடுத்துப் போடுகிறார். ஒன்றும் தும்பிக்கைக்குக்கூடப் பற்றவில்லை. யானை நடுரோட்டில் உட்கார்ந்து அழுகிறது. கடைசியில் ஒரு கம்பெனியில் எல்லா அம்மாக்களும் சேர்ந்து ஒரே பனியனாகத் தைத்துக் கொடுக்கிறார்கள். நூல் தீர்ந்துபோகிறது, கம்பெனியை மூடிவிடுகிறார்கள், அன்றைக்கு எல்லா அம்மாக்களும் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுதியவர் யாராக இருந்தாலும் திருப்பூரில் இருந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இதை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். என் பிள்ளைக்கு ஏறிவிட்டது என்று சொல்லுங்கள்.

அன்புத் தங்கை,
முத்துப்பேச்சி


வெள்ளாங்கரை
25.5.2003

அன்புத் தங்கைக்கு, இங்கு நலம். உன் நலம் அறிய ஆவல்.

பேச்சி, நீ எழுதிய யானைக் கதை எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? நான் அனுப்பிய புத்தகத்தில் யானை ஆற்றைக் கடக்கிறது. அவ்வளவுதான். மொத்தமே எட்டு வரி. அதில் காதர்பேட்டையும் கிடையாது, பனியனும் கிடையாது. என்னிடம் இன்னொரு பிரதி இருக்கிறது, எடுத்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பிள்ளை வாசிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பிக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள். எட்டு வரிக் கதைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாமலா நீ கேட்டுக்கொண்டிருந்தாய்? ஒரு தடவை தலையை நீட்டிப் பார்த்திருந்தால் போதுமே. எப்படிக் கையெழுத்துப் போட்டாய்?

ஒன்று எழுதியிருக்க வேறொன்றைப் படித்துக் காட்டுவது சின்னத் தப்பு இல்லை. இதை இப்போதே கண்டிக்க வேண்டும். நாலு அடி போட்டாலும் பரவாயில்லை. நம்பிக் கேட்கிறவரை ஏமாற்றுவது

மேலே எழுதியதை விட்டுவிடு. அவளை அடிக்காதே. ஒரு வார்த்தையும் சொல்லாதே.

இந்த முறை உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. கேட்டார். எல்லோரும் சுகம் என்று எழுதியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

ராஜபாண்டி


முருகன் துணை

நல்லூர், திருப்பூர்
22.6.2003

மரியாதைக்குரிய அண்ணா அவர்களுக்கு, முத்துப்பேச்சி அக்கா வீட்டுக்கு எதிர் வீட்டில் இருக்கும் ஜெயசுதா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நலமாக இருக்கிறீர்களாங்க? அக்கா வீட்டில் மூன்று பேரும் உடம்பால் சௌக்கியம்.

என்னை உங்களுக்குத் தெரியாது. ஆனால் என் கையெழுத்து தெரியும். இதுவரை வந்த மூன்று கடிதமும் அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினது. நீங்கள் எழுதினதைப் படித்துக் காட்டினதும் நான்தான். அக்காவுக்குத் தன் பேரை மட்டும் எழுதத் தெரியும், சம்பளக் கையெழுத்துக்காகக் கற்றுக்கொண்டது. "உன் கையெழுத்தைப் பார்த்து அசந்துவிட்டேன்" என்று நீங்கள் எழுதினதைப் படித்தபோதே, உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "வேண்டாம் ஜெயா, அண்ணனுக்கு நிம்மதியா இருக்காம்ல, இருந்துட்டுப் போவட்டும்" என்றது அக்கா.

யானைக் கதையை நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். புத்தகத்தை வாங்கிப் பார்க்கணும் என்று எனக்குத் தோணவில்லை. அது என் தப்பும்தானுங்க.

நீங்கள் போன மாதம் எழுதினதைப் படித்துக் காட்டினேன்.  அக்கா முனீஸை எதுவும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு டீச்சரிடம் தானே சொல்லிவிடுகிறேன் என்று நோட்டை எடுத்துக்கொண்டு போனது. கூட நானும் போனேன். டீச்சர் நோட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, அக்கா வாயைத் திறக்கும் முன்னாடியே, "எங்க கண்ணு, இதுல ஒண்ணு வாசி" என்று முனீஸிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டார். அவள் முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். முப்பத்து நான்கு கையெழுத்துங்க. டீச்சர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். "ஏனுங்க, படிக்காமயே போட்டுட்டீங்களா?" என்றார். அக்கா, "கேட்டுட்டுத்தான் போட்டேன் டீச்சர்" என்றது. சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு என்னிடம் சொன்னது: "கம்பெனியில பனியனை லைட்டுல புடிச்சா ஊசி முனை ஓட்டையக்கூட விடமாட்டேன். செக்கிங்ல என் கைக்கு வந்த பீஸ் ரிட்டன் ஆனதே இல்ல. எம்புள்ள முப்பத்து நாலு நாளு படிச்சதுல ஒரு ஓட்டைகூட எனக்குத் தெரியலையே ஜெயா." முனீஸ் மூலையில் உட்கார்ந்துகொண்டு, "தப்பா வாசிச்சா நீ சரியாச் சொல்லித்தர மாட்டியேம்மா. அதான் கதை சொன்னேன்" என்று அழுதாள். உங்கள் மருமகளுக்கு அம்மாவைப் பற்றி முன்னாடியே தெரிந்திருக்கிறதுங்க.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரிய எழுத்துப் புத்தகம் கேட்டது பாதி முனீஸுக்குத்தான். நீங்கள் அனுப்பின நாலும் உங்கள் போன கடிதம் வந்ததிலிருந்து அக்காவின் டிபன் பைக்குள்தான் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் விரல் வைத்து வாசிக்கப் பார்த்தது. எழுத்து எல்லாம் என்னிடம் கேட்டுக் கேட்டு ஓரளவு பிடித்துவிட்டது, மூன்று புத்தகம் முடித்தும்விட்டது. ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அன்றைக்கு எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிட்டு, "வேண்டாம் ஜெயா. எனக்குப் படிப்பு ஏறாதுன்னு சின்னதுலயே டீச்சர் சீட்டு எழுதிக் குடுத்தாச்சு. அண்ணன்தான் படிச்சுக் காட்டுச்சு. டீச்சருக்குத் தெரியாததா?" என்றது.

உங்களிடம் சொல்லக்கூடாது என்றுதான் அக்கா சொன்னது. எனக்கு மனசு கேட்கவில்லைங்க.

இப்படிக்கு,
ஜெயசுதா


வெள்ளாங்கரை
13.7.2003

அன்புச் சகோதரி ஜெயசுதாவுக்கு வணக்கம். வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. ஏழெட்டுத் தடவை எழுதிக் கிழித்துப்போட்டேன். நீ சொன்னது பெரிய உதவி அம்மா. மறக்க மாட்டேன்.

இதோடு இருக்கும் ஒட்டிய உறை பேச்சிக்கு. அதைப் பிரிக்க வேண்டாம், படித்துக் காட்டவும் வேண்டாம். அவளே கெஞ்சினாலும் படித்துக் காட்டாதே. ஏதாவது எழுத்துத் தெரியவில்லை என்றால் அந்த ஓர் எழுத்தை மட்டும் சொல்லிக் கொடு. அவளால் முடிகிற அளவுக்குத்தான் எழுதியிருக்கிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புத்தகம் எடுப்பது போல ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து எடுத்தேன். முதலிலேயே அப்படி எடுத்திருக்க வேண்டும்.

அந்த நான்கு புத்தகத்தையும் அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

ராஜபாண்டி


13.7.2003

பேச்சி,

இதை நீயே படி.
மெல்லப் படி. ஒரு நாளில் ஒரு வரி போதும்.

அப்போது உனக்கு வயது ஏழு. எனக்கு வயது பதினொன்று.
அம்மாவுக்கு உடம்பு சரி இல்லை.
நீ பள்ளிக்கு வரவில்லை. வீட்டில் தீப்பெட்டி ஒட்டினாய்.
டீச்சர் ஒரு சீட்டு எழுதினார். என் கையில் கொடுத்தார்.
அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டினேன்.

சீட்டில் இருந்தது இது:
உங்கள் மகள் நன்றாகப் படிக்கிறாள். அவளை நிறுத்த வேண்டாம். நாளை முதல் அனுப்புங்கள்.

நான் படித்தது இது:
உங்கள் மகளுக்குப் படிப்பு ஏறாது. இனி அனுப்ப வேண்டாம்.

நீ கதவு ஓரம் நின்றாய். உன் கையில் பசை இருந்தது.
நீ கேட்டாய். நீ அழவில்லை.

பெட்டி ஒட்ட ஒரு ஆள் வேண்டும். நீ போனால் நான் நிற்க வேண்டும். அதற்குப் பயந்தேன்.
டீச்சர் என்னிடம் கேட்டார். அப்பா விடவில்லை என்றேன். அதுவும் பொய்.

உனக்குப் படிப்பு ஏறும். அன்றும் ஏறும். இன்றும் ஏறும்.
முனீஸ் செய்தது கதை. நான் செய்தது பாவம்.

இதை யாருக்கும் நான் சொன்னது இல்லை. அப்பாவுக்கும் தெரியாது.
மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

அண்ணன்


நல்லூர்
24.8.2003

அண்ணே,

நாங்க நலம். அப்பா நலமா.

இது என் கை எழுத்து. ஜெயா இல்ல.

உன் லெட்டர் படிக்க பதினாறு நாள் ஆச்சு. கம்பெனியில சாப்பாட்டு நேரம் படிச்சேன். முனீஸ் கேட்டா. இது என் புக்குன்னு சொல்லி காட்டல.

சீட்டுல இருந்தது இதுன்னு எழுதி இருந்த. அந்த மூணு வரியும் தினமும் படிச்சேன். நான் நல்லா படிச்சேனா அண்ணே. எனக்கு தெரியவே தெரியாது.

அந்த டீச்சர் மேல இருபத்து நாலு வருசம் கோபமா இருந்தேன். ஊர்ல பார்த்தா முகத்தை திருப்பிக்குவேன். ஒரு நாள் பஸ்ல கூப்பிட்டாங்க. பேசாம இறங்கிட்டேன். இப்ப அவங்க இல்ல.

உன் மேல கோபம் இருக்கு. போகுமான்னு தெரியல. தீபாவளிக்கு வராத. நான் சொல்லும் போது வா.

முனீஸை நான் அடிக்கல. இப்ப ஒரு வரி அவ வாசிக்கா. ஒரு வரி நான். நான் தப்பா வாசிச்சா அவ சிரிக்கா. யானை கதையை நோட்டுல எழுதுதா. அடுத்த லீவுக்கு புக் அனுப்பு. பெரிய எழுத்து. ரெண்டு பேருக்கும்.

உன் லெட்டரை இது கூட திருப்பி அனுப்பி இருக்கேன். படிச்சு முடிச்சு கீழ கையெழுத்து போட்டு இருக்கேன்.

அதை அப்பாவுக்கு படிச்சு காட்டு. என்ன எழுதி இருக்கோ அதை படி.

முத்துப்பேச்சி